யோசனைப் பெட்டி ஏன் காலியாகக் கிடக்கிறது?

கேள்வி: ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு ஒன்றரை ஆண்டாகப் பொறுப்பாளராக இருக்கிறேன். என்னோடு 14 பேர் வேலை செய்கிறார்கள். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் சொன்னதைச் செய்வார்கள். தாங்களாக ஒன்றை யோசித்துச் செய்ய மாட்டார்கள். யோசனைப் பெட்டி வைத்தேன். முதல் இரண்டு மாதத்தில் 40 சீட்டுகள் விழுந்தன. மூன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தோம். இப்போது பெட்டி காலி. மாதம் ஒரு சிறந்த யோசனைக்குப் பரிசுத்தொகை அறிவித்தேன். பரிசு வாங்கியவரைத் தவிர மற்றவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதுதான் மிச்சம். வாரம் ஒரு கூட்டம் போட்டு “மனசில் பட்டதைச் சொல்லுங்கள்” என்றால் எல்லோரும் மேசையைப் பார்க்கிறார்கள். சில மாதங்களுக்கு முன் ஓர் இளைஞர், வாடிக்கையாளருக்கு அனுப்பும் பதில் கடிதத்தின் வாசகத்தை என்னைக் கேட்காமலே மாற்றி அனுப்பிவிட்டார். இனி எந்தக் கடிதமும் நான் பார்க்காமல் போகக் கூடாது என்று எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்ப வேண்டியதாயிற்று. அதிலிருந்து அவரும் வாய் திறப்பதில்லை. இப்போது வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்கிறார். மேலிடமோ, காலாண்டுக்கு எத்தனை புதிய யோசனைகள் என்று கணக்குக் கேட்கிறது. இவர்களுக்கு எப்படித்தான் ஊக்கம் கொடுப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

40 சீட்டுகள் வந்தன, மூன்றை ஏற்றோம் என்று எழுதியிருக்கிறீர்கள். மீதி 37 என்ன ஆயின? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. எழுதிப் போட்டவர்களுக்கும் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றே ஊகிக்கிறேன்.

14 பேர் இரண்டே மாதத்தில் 40 யோசனைகள் கொடுத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஏறக்குறைய மூன்று. அதுவும் தினமும் கோபக்காரர்களின் குரலைக் கேட்கிற வேலைக்கு நடுவில். கற்பனை வறண்ட கூட்டம் இப்படி எழுதாது. எழுதினார்கள், காத்திருந்தார்கள், ஒன்றும் வரவில்லை, நிறுத்திவிட்டார்கள். நீங்கள் ஊக்கக் குறைவு என்று நினைப்பது அனுபவத்தில் கற்றுக்கொண்ட பாடம். அதனால் ஊக்கம் கொடுப்பதை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அவர்கள் ஏற்கெனவே கொடுத்ததற்குப் பதில் சொல்வதிலிருந்து தொடங்குங்கள்.

அந்த 37 சீட்டுகளைத் தேடி எடுங்கள். தூக்கி எறிந்திருந்தால், எறிந்துவிட்டோம் என்று வெளிப்படையாகச் சொல்லி, நினைவிருப்பவர்களைத் திரும்ப எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு பதில் போதும்: செய்கிறோம், இந்தத் தேதிக்குள். செய்யப்போவதில்லை, இந்தக் காரணத்தால். இன்னொருவரைக் கேட்க வேண்டியிருக்கிறது, இந்தத் தேதியில் சொல்கிறேன். ‘பரிசீலனையில் இருக்கிறது’ என்ற நான்காவது பதிலை உங்கள் பிரிவில் யாரும், நீங்கள் உட்பட, பயன்படுத்தக் கூடாது. பெயர் போட்டு எழுதியவருக்கு நேரில் சொல்லுங்கள். பெயரில்லாத சீட்டுக்குப் பதிலை எழுதி எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டுங்கள். ‘முடியாது’ என்று சொன்னால் மனம் உடைந்துபோவார்கள் என்று பல பொறுப்பாளர்கள் தயங்குகிறார்கள். காரணத்தோடு வருகிற மறுப்பை மனிதர்கள் தாங்கிக்கொள்வார்கள். தான் எழுதியதை யாரும் படிக்கவில்லை என்ற சந்தேகத்தைத்தான் தாங்குவதில்லை.

இது பழைய அனுபவம். டொயோட்டா நிறுவனத்தில் ஊழியர் யோசனைத் திட்டம் 1951இல் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு அந்நிறுவன நிர்வாகி எய்ஜி டொயோடா அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனத்தின் ஆலையைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அங்கிருந்து எடுத்துப் போன விஷயங்களில் ஊழியரிடம் யோசனை கேட்கும் முறையும் ஒன்று. அந்தத் திட்டம் நிலைத்து நின்றதற்குப் பரிசுத்தொகை பெரிய காரணம் அல்ல. சின்ன யோசனைகளை மதித்தார்கள். தன் வேலையிடத்தைப் பற்றி ஒருவர் சொன்னது அங்கேயே செய்து பார்க்கப்பட்டது. நீங்களும் ‘புதுமை’ என்ற பெரிய வார்த்தையைக் கீழே போடுங்கள். வாடிக்கையாளர் தன் எண்ணை இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கிறது, ஒரு தகவலுக்கு மூன்று திரைகள் திறக்க வேண்டியிருக்கிறது, ஒரு கடிதத்தின் இரண்டாவது பத்தி யாருக்கும் புரியாமல் அதற்கு விளக்கம் கேட்டே தினம் பத்து அழைப்புகள் வருகின்றன. இப்படிப்பட்டவைதான் உங்கள் பிரிவில் யோசனை. “உங்களை எரிச்சல்படுத்துகிற ஒன்றைச் சொல்லுங்கள்” என்று கேட்டுப் பாருங்கள். “புதுமையாக ஒன்று சொல்லுங்கள்” என்று கேட்டபோது மேசையைப் பார்த்தவர்கள் இதற்கு வாய் திறப்பார்கள்.

எது நல்ல யோசனை என்று நீங்கள் ஒருவரே முடிவு செய்கிறீர்கள் என்றால் அதையும் மாற்ற வேண்டும். ஜஸ்டின் பெர்க் என்ற ஆய்வாளர் 2016இல் ஒரு சுவாரசியமான ஆய்வை வெளியிட்டார். சர்க்கஸ் கலைஞர்கள் உருவாக்கிய புதிய காட்சிகளைக் காணொளியாகக் காட்டி, எது பார்வையாளர்களைக் கவரும் என்று கணிக்கச் சொன்னார். நிர்வாகிகளைவிடச் சக கலைஞர்களே சரியாகக் கணித்தார்கள். ஆனால் தத்தம் காட்சியை மதிப்பிடும்போது அதே கலைஞர்கள் கோட்டைவிட்டார்கள். தன் குழந்தை எப்போதும் அழகுதானே. ஆகவே யோசனைகளை எடைபோட மூன்று பேரைச் சுழற்சி முறையில் உட்கார வையுங்கள். தன் யோசனை வரும்போது அவர் எழுந்து போகட்டும். செலவு, சட்டம் சம்பந்தப்பட்டதில் மட்டும் கடைசி வார்த்தை உங்களுடையதாக இருக்கட்டும்.

இனி அந்த இளைஞரின் விஷயம். பெட்டியைவிட இதுதான் எனக்குக் கவலை தருகிறது.

அவர் செய்ததைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். ஒரு கடிதம் சரியில்லை என்று கண்டார். யாரும் சொல்லாமலே திருத்தினார். வாரக் கூட்டத்தில் எல்லோரும் என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தீர்களோ, அதை ஒருவர் செய்துவிட்டார். கேட்டுச் செய்திருக்கலாம், உண்மை. வாடிக்கையாளருக்குப் போகும் கடிதத்தில் ஒரு வார்த்தை தவறினால் நிறுவனமே பதில் சொல்ல வேண்டிவரும் என்ற உங்கள் பயமும் நியாயமானது. ஆனால் அவர் எழுதிய கடிதம் பழையதைவிட நன்றாக இருந்ததா, இல்லையா? அதை நீங்கள் எனக்கு எழுதவில்லை. அவரிடமும் பேசியிருக்க மாட்டீர்கள் என்று தோன்றுகிறது. ஒருவரின் செயலுக்கு 14 பேருக்கும் சட்டம் போட்டீர்கள். அந்த மின்னஞ்சலைப் படித்த மற்ற 13 பேரும் அதிலிருந்து எடுத்துக்கொண்ட செய்தி ஒன்றுதான்: இங்கே கையை வைத்தால் சுடும்.

எமி எட்மண்ட்சன் என்ற பேராசிரியர் 1990களில் மருத்துவமனைச் செவிலியர் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். இணக்கமாக வேலை செய்யும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது; நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. பிறகுதான் புரிந்தது: அவர்கள் தவறை மறைக்கவில்லை. மற்ற குழுக்களில் தவறுகள் நடக்காமல் இல்லை, பயத்தில் வெளியே வராமல் இருந்தன. பேசினால் தண்டனையோ கேலியோ வராது என்ற நம்பிக்கையைப் பற்றி அவர் ‘உளவியல் பாதுகாப்பு’ என்ற பெயரில் 1999இல் விரிவாக எழுதினார். உங்கள் கூட்டத்தில் நிலவும் மௌனத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

செய்ய வேண்டியது இது. முதலில் அவரைத் தனியாக அழைத்து, அந்தக் கடிதத்தை ஏன் மாற்றினார் என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். நடுவில் உங்கள் தரப்பைச் சொல்ல வாய் வரும், வேண்டாம். அவர் வாசகத்தில் நல்லது இருந்தால் அதை அதிகாரபூர்வக் கடிதத்தில் சேர்த்து, யார் எழுதியது என்று எல்லோருக்கும் சொல்லுங்கள். அடுத்து, ஒரு பக்கத்துக்கு மிகாமல் எல்லைக்கோடு போடுங்கள். வாழ்த்து, வாக்கிய அமைப்பு, பத்திகளின் வரிசை, விளக்கம் சொல்லும் விதம் ஆகியவற்றை யாரையும் கேட்காமல் மாற்றலாம். பணம் திருப்பித் தருவது, வாக்குறுதி, சட்ட வாசகம் ஆகியவற்றைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும். இந்தப் பக்கத்தை நீங்கள் தனியாக எழுத வேண்டாம், அவர்களோடு உட்கார்ந்து எழுதுங்கள். எழுதி முடித்ததும் பழைய மின்னஞ்சல் யார் யாருக்குப் போனதோ அவர்கள் எல்லோருக்கும் அது ரத்து என்று தெரிவியுங்கள். தண்டனை பொதுவில் போனது, விடுதலை காதோடு காதாகப் போகக் கூடாது.

உங்களுக்கும் இதில் லாபம் உண்டு. 14 பேர் எழுதும் எல்லாக் கடிதங்களையும் படித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்குப் பிரிவை நடத்த நேரம் எங்கே இருக்கும்?

மாற்றல் கேட்பதைத் தடுக்காதீர்கள். அவர் இருக்க வேண்டும் என்று விரும்பினால் அதை ஒருமுறை நேராகச் சொல்லுங்கள், எதை மாற்றியிருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பிறகும் போகிறேன் என்றால் நல்ல சிபாரிசோடு அனுப்பி வையுங்கள். பிடித்து வைக்கப்பட்ட திறமைசாலி உடம்பால் மட்டும் அலுவலகத்துக்கு வருவார்; அதையும் மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பரிசுத்தொகையை நிறுத்திவிடலாம். இதில் ஆராய்ச்சிகள் நிறைய இருக்கின்றன. எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுவது சாம் கிளக்ஸ்பெர்க் 1962இல் வெளியிட்ட சோதனை. ஒரு மெழுகுவர்த்தி, தீக்குச்சிகள், ஒரு பெட்டி நிறையக் குத்தூசிகள். மெழுகு மேசையில் சொட்டாதபடி மெழுகுவர்த்தியைச் சுவரில் பொருத்த வேண்டும். ஊசிகளைக் கொட்டிவிட்டு, காலிப் பெட்டியைச் சுவரில் குத்தித் தாங்கியாக்குவதுதான் விடை. பெட்டி என்பது ஊசி வைப்பதற்கு என்ற எண்ணத்திலிருந்து மனம் விடுபட வேண்டும். வேகமாக முடிப்பவருக்குப் பணம் என்று சொல்லப்பட்டவர்கள், பணம் பற்றிய பேச்சே இல்லாதவர்களைவிடச் சராசரியாக மூன்று நிமிடத்துக்கு மேல் கூடுதலாக எடுத்துக்கொண்டார்கள். இதில் பலர் சொல்லாமல் விடும் இரண்டாவது பாதியும் உண்டு. ஊசிகளைப் பெட்டிக்கு வெளியே முன்கூட்டியே கொட்டி வைத்துக் கொடுத்தபோது, பணத்துக்காக வேலை செய்தவர்கள்தான் வேகமாக முடித்தார்கள். வழி தெரிந்த வேலைக்குப் பணம் கால்களுக்கு வேகம் கொடுக்கும். வழி தேட வேண்டிய வேலையில் பார்வையைக் குறுக்கிவிடும். ஆக, தேங்கிக் கிடக்கும் 500 கோப்புகளை மாத இறுதிக்குள் முடிக்க வேண்டும் என்றால் ஊக்கத்தொகை கொடுங்கள். யோசனைக்குப் போட்டி வைத்து, ஒருவரை வெற்றியாளராகவும் 13 பேரைத் தோற்றவர்களாகவும் ஆக்காதீர்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. அந்த யோசனைக்குப் பின்னால் மூன்று பேரின் பேச்சு இருந்திருக்கும், பரிசு ஒருவர் கைக்குப் போயிருக்கும்.

சொல்லாமல் கொடுக்கும் வெகுமதி வேறு விஷயம். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். படம் வரைந்தால் பாராட்டுச் சான்று உண்டு என்று முன்பே சொல்லப்பட்ட குழந்தைகள் பிற்பாடு தாங்களாகப் படம் வரைவது குறைந்தது. எதிர்பாராமல் அதே சான்றைப் பெற்ற குழந்தைகளின் ஆர்வம் குறையவில்லை. வேலை முடிந்த பிறகு, எதிர்பார்க்காத நேரத்தில், இன்ன காரணத்துக்காக என்று சொல்லி ஒரு விடுப்பு நாள் கொடுப்பதில் தவறில்லை.

அடிப்படைச் சம்பளத்தில் குறை இருந்தால் மேலே சொன்னது எதுவும் ஒட்டாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உளவியலாளர் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் 1959லேயே இதைப் பிரித்துக் காட்டினார்: சம்பளம், பணியிட நிலைமை, மேலதிகாரியின் நடத்தை ஆகியவை கெட்டிருந்தால் அதிருப்தி வரும், சரியாக இருந்தால் அதிருப்தி போகும், அவ்வளவுதான். ஆர்வம் வேலைக்குள்ளிருந்துதான் வர வேண்டும். ஒரே வேலைக்கு இருவருக்கு இருவிதச் சம்பளம் என்ற புகார் உங்கள் பிரிவில் புகைந்துகொண்டிருந்தால் அதை முதலில் மேலிடத்துக்குக் கொண்டுபோங்கள். யோசனைப் பெட்டி காத்திருக்கட்டும்.

வாரக் கூட்டத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. கூடி உட்கார்ந்து வாய்க்கு வந்ததைச் சொல்லும் முறையை அலெக்ஸ் ஆஸ்போர்ன் 1953இல் பிரபலப்படுத்தினார். 1958லேயே யேல் பல்கலைக்கழகச் சோதனை ஒன்று, தனித்தனியாக யோசித்தவர்களின் பட்டியலைக் கூட்டினால் அது குழுவாக உட்கார்ந்தவர்களின் பட்டியலைவிடப் பெரிது என்று காட்டிவிட்டது. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போதே தன் யோசனையை மறந்துவிடுவார், அல்லது இது சொல்லத் தகுந்ததுதானா என்று விட்டுவிடுவார். எனவே முதல் பத்து நிமிடம் எல்லோரும் பேசாமல் எழுதட்டும். பிறகு தாள்களைக் கலந்து படியுங்கள். நீங்கள் கடைசியில் பேசுங்கள். வாரம் ஒருமுறை தேவையில்லை, மாதம் ஒருமுறை, அதுவும் ஒரு குறிப்பிட்ட சிக்கலை முன்கூட்டியே சொல்லிவிட்டு.

உங்கள் ஆட்களின் வேலைக்கே உரிய ஒரு கஷ்டம் இருக்கிறது. அவர்களிடம் வருகிறவர்கள் எல்லோரும் பிரச்சினையோடு வருகிறார்கள்; பிரச்சினை தீர்ந்தவர் திரும்பி அழைப்பதில்லை. காலை முதல் மாலை வரை வசவு, அது எங்கே போய் முடிந்தது என்றும் தெரியாது. டெரேசா அமாபிலேயும் ஸ்டீவன் கிராமரும் 238 ஊழியர்களைத் தினமும் நாட்குறிப்பு எழுத வைத்து, ஏறக்குறைய 12,000 குறிப்புகளை ஆராய்ந்தார்கள். மனிதர்கள் நல்ல மனநிலையில் வீடு திரும்பிய நாட்களில் அதிகம் காணப்பட்டது பாராட்டோ பரிசோ இல்லை. தனக்கு அர்த்தமுள்ள ஒரு வேலை கொஞ்சமாவது முன்னே நகர்ந்த நாட்கள் அவை. நிர்வாகிகளிடம் ஊக்கம் தரும் ஐந்து காரணிகளை வரிசைப்படுத்தச் சொன்னபோது இந்த ‘முன்னேற்றம்’ கடைசி இடத்துக்குப் போனது.

2007இல் ஆடம் கிராண்டும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. பல்கலைக்கழகத்துக்காகத் தொலைபேசியில் நன்கொடை கேட்கும் ஊழியர்கள், அந்தப் பணத்தில் உதவித்தொகை பெற்ற ஒரு மாணவரைச் சில நிமிடங்கள் சந்தித்துப் பேசினார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அவர்கள் தொலைபேசியில் செலவிட்ட நேரம் இருமடங்குக்கு மேல் கூடியிருந்தது. யாரும் ஊக்க உரை ஆற்றவில்லை. உங்கள் பிரிவில் தீர்ந்த புகார்களில் வாரம் ஒன்றை எடுத்து, அந்த வாடிக்கையாளருக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்து, அதைக் கையாண்டவரிடம் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். தன்னம்பிக்கைப் பேச்சாளரை அழைக்கும் எண்ணம் இருந்தால் அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

நேரமும் வேண்டும். மேற்சொன்ன நாட்குறிப்பு ஆராய்ச்சியின் இன்னொரு பகுதியில், நெருக்கடி உச்சத்தில் இருந்த நாட்களில் மனிதர்கள் புதிதாக யோசிப்பது குறைந்தது தெரியவந்தது. 3எம் நிறுவனம் 1948 முதல் தன் தொழில்நுட்ப ஊழியர்களுக்கு 15 சதவீத நேரத்தைச் சொந்த முயற்சிகளுக்கு விட்டுக்கொடுத்து வருகிறது. அழைப்பு வரிசை நீண்டுகொண்டே போகும் உங்கள் பிரிவில் அது நடக்காது, நடக்கும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஒன்று செய்யலாம்: யோசனை ஏற்கப்பட்டவரை வாரம் இரண்டு மணி நேரம் அழைப்பு வரிசையிலிருந்து விடுவித்து, அதை அவரே நடைமுறைப்படுத்த விடுங்கள். இன்று பல அலுவலகங்களில் யோசனை சொன்னவருக்குக் கிடைப்பது கூடுதல் வேலை. “நீயே சொன்னாய், நீயே செய்” என்று வழக்கமான வேலைக்கு மேலே அதையும் ஏற்றினால் அடுத்த முறை யார் சொல்வார்கள்?

14 பேரும் யோசனைக்காரர்களாக மாற வேண்டும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். வேலையைச் சுத்தமாகச் செய்துவிட்டு நேரத்துக்கு வீட்டுக்குப் போகிறவர் உங்கள் பிரச்சினை இல்லை. அவரை நம்பித்தான் மற்றவர்கள் சோதனை செய்து பார்க்கிறார்கள். “நீங்களும் ஏதாவது சொல்லுங்களேன்” என்று அவரை விரட்டினால் வெறும் சீட்டு ஒன்றை எழுதிப் போடுவார், அதற்கும் நீங்கள் பதில் எழுத வேண்டிவரும்.

கடைசியாக மேலிடம் கேட்கும் கணக்கு. யோசனைகளின் எண்ணிக்கையைக் கொடுத்தால் அடுத்த காலாண்டில் அதைக் கூட்டச் சொல்வார்கள். நீங்கள் ஊழியர்களை நெருக்குவீர்கள். எண்ணிக்கைக்காக எழுதப்பட்ட சீட்டுகள் பெட்டியை நிரப்பும். ஓர் அட்டவணையில் நான்கு பத்திகள் போட்டு அனுப்புங்கள்: வந்த யோசனைகள், பதில் சொல்ல ஆன நாட்கள், செய்து பார்த்தவை, செய்து பார்த்துக் கைவிட்டவை. முதல் காலாண்டில் இரண்டாவது பத்தி பார்க்க நன்றாக இருக்காது, அந்த 37 சீட்டுகளும் அதில் சேருமே. இருந்தாலும் அப்படியே அனுப்புங்கள். கைவிட்டவை ஏன் இத்தனை என்று கேட்டால், ஒவ்வொன்றிலும் என்ன தெரிந்துகொண்டீர்கள் என்று ஒரு வரி எழுதி வைத்திருங்கள். அதை எழுத அந்தந்த யோசனைக்காரரையே கேளுங்கள்.